முற்றத்தை மூடச் சொல்கிறார்கள்: பழைய கடைவீட்டு ஓதம் பற்றி

மாடிச்சன்னல்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்குள்ள எங்களுக்கு ஒரு கடைவீடு இருக்கு. கீழ கடை, மேல வீடு. முகப்பு 16 அடிதான், உள்ளே போனா 90 அடிக்கு மேல நீளும். தாத்தா வாடகைக்கு இருந்து மளிகை நடத்தின இடம், பிறகு அப்பா சொந்தமா வாங்கினார். இப்ப கீழ துணிக்கடைக்காரங்க இருக்காங்க, மேல அம்மா மட்டும்.

பிரச்சினை சுவர். நடுக்கட்டுல முற்றத்தை ஒட்டின ரெண்டு பக்கச் சுவரும் உப்புப் பூத்து, சாயம் பொரிபொரியாக் கொட்டுது. 3 வருஷத்துக்கு முன்னாடி ஒரு குத்தகையாளரை வெச்சு பழைய பூச்சைக் கொத்திட்டு சிமெண்ட் பூசினோம். ஒரு வருஷம் நல்லா இருந்துச்சு. அப்ப முட்டி உயரத்துல இருந்த ஓதம், அதாவது சுவர் ஈரம், இப்ப என் தோள் உயரத்துக்கு வந்திருக்கு. காலையில கூட்டினா அரை முறம் வெள்ளைத்தூள் அள்ளலாம்.

இப்ப வந்து பார்த்தவர், மழை முற்றத்துல விழுறதாலதான் இவ்வளவும்னு சொல்றார். முற்றத்துக்கு மேல பிளாஸ்டிக் கூரை போட்டு மூடணும், தரையை உயர்த்தணும், சுவருக்கு நீர்புகாச் சிமெண்ட் பூசி தோள் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டணும்ங்கிறார். அண்ணன் சரின்னுட்டார். அம்மாதான் ஒத்துக்கல. ஏம்மான்னு கேட்டா, "முற்றத்தை மூடிட்டா மழை வர்றது எனக்கு எப்படித் தெரியும்"ங்கிறாங்க.

அதை வெச்சு அண்ணன்கிட்ட வாதாட முடியாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொத்துக்கரண்டி:

தங்கச்சி, ஒரு வேலையும் தொடங்காதீங்க. முதல்ல இதைப் படிங்க.

நான் சிங்கப்பூர்ல பழைய கடைவீடு புதுப்பிக்கிற வேலையில 26 வருஷம் மேற்பார்வையாளரா இருந்தவன். உங்க கேள்விக்குள்ளயே பாதி பதில் இருக்கு. சிமெண்ட் பூசினதுக்கு அப்புறம்தானே ஓதம் முட்டியிலேர்ந்து தோளுக்கு ஏறிச்சு?

அந்தக் காலத்துச் செங்கல் இப்ப வர்ற மாதிரி இறுகச் சுட்டது இல்ல. நகத்தால கீறினாலே செந்தூள் வரும். தண்ணியை உறிஞ்சும், காத்து பட்டா விடும். அஸ்திவாரத்துல ஈரத்தடுப்புன்னு ஒண்ணும் கிடையாது, மண்ணுல இருக்கிற ஈரம் நேரா சுவருக்கு வரும். கட்டினவங்களுக்கு அது தெரியும். அதனாலதான் கல்லுக்கு நடுவுல சுண்ணாம்புக் காரை, மேல சுண்ணாம்புப் பூச்சு, அதுக்கு மேல சுண்ணாம்பு வெள்ளை. ஏறின ஈரம் அந்தப் பூச்சு வழியாவே காய்ஞ்சு போயிடும். உப்பு வந்தாலும் பூச்சுல வந்து பூக்கும். பூச்சு கெட்டா கொத்திட்டு வேற பூசிக்குவாங்க, கல்லு பத்திரமா இருக்கும்.

சிமெண்ட் அந்த வழியை அடைச்சுடும். உள்ளே வந்த ஈரத்துக்கு மேல ஏறுறதைத் தவிர வேற போக்கிடம் இல்ல. எந்த உயரத்துல சிமெண்ட் முடியுதோ அதுக்கு மேல போய் வெடிக்கும். கல்லுக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவுல உப்பு படிகமா விளையும்போது கல்லோட முகத்தையே பெயர்த்து எடுத்துடும். ஒரு வீட்டுல சிமெண்ட் பூச்சைத் தட்டினோம், பூச்சோட சேர்ந்து ஒரு அங்குல கனத்துக்கு செங்கல்லும் மாவாக் கொட்டிச்சு.

இப்ப தோள் உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினா அடுத்து எங்க ஏறும்னு யோசிங்க. தலைக்கு மேல போகும். அங்கேதான் மேல்மாடி உத்திரங்களோட முனை சுவருக்குள்ள உக்காந்திருக்கு. உத்திர முனை நனைஞ்சா முதல்ல பூஞ்சை, அப்புறம் கரையான். வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ளே முனை உளுத்துப் போயிருக்கும். உங்க அம்மா அந்தத் தளத்து மேலதான் நடக்கறாங்க.

இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. மழை பெய்யும்போது முற்றத்துத் தண்ணி எவ்வளவு நேரத்துல வடியுது? எந்த வழியாப் போகுது? கூரைத் தண்ணி இறங்குற குழாய் எங்க முடியுது? ரோட்டு மட்டம் உங்க தரை மட்டத்தைவிட உயரமா?

மாடிச்சன்னல்:

அண்ணே, ரொம்ப நன்றி. ரோட்டு மட்டம் எங்க அஞ்சடியைவிட (கடைக்கு முன்னாடி நடக்கிற தாழ்வாரம்) ரெண்டு மூணு அங்குலம் கம்மி, ஆனா அப்பா சின்ன வயசுல ஒரு படி இறங்கணுமாம், அந்தப் படி இப்ப இல்ல. கூரைக் குழாய் முற்றத்துலயே கொட்டுது. தண்ணி வடியறது... பெரிய மழைன்னா மறுநாள் காலைல கூட ஓரத்துல நிக்கும். அது எங்க போகுதுன்னு எனக்கு நிஜமாவே தெரியல. வடிகால்னு ஒண்ணு பார்த்த நினைவே இல்ல.

கொத்துக்கரண்டி:

அப்ப முற்றத்துல மழை விழுறது குத்தமில்லம்மா. விழுந்த மழை வெளியே போகாததுதான். அந்த முற்றத்துக்கு வடிகால் இல்லாம யாரும் கட்டியிருக்க மாட்டாங்க. தேடுங்க. கிடைக்கும்.

வரைபடம்:

கட்டடக்கலைப் படிப்பு முடித்து, பாரம்பரியக் கட்டடங்களை அளந்து வரைபடம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். முற்றத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், சுவரைக் கொத்துக்கரண்டி அண்ணன் பார்த்துக்கொள்வார்.

கடைவீட்டை முன்னால் நின்று பார்த்தால் புரியாது. நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், அதில் ஒரு சன்னல்கூட வைக்க முடியாது. முன்வாசல், பின்வாசல் இரண்டிலிருந்தும் வரும் வெளிச்சம் 15, 20 அடிக்கு மேல் உள்ளே போகாது. 90 அடி வீட்டில் நடுவே 50 அடி இருட்டு. அந்த இருட்டில் குடும்பம் வாழ ஒரே வழி கூரையைத் திறந்து விடுவதுதான். சீனக் குடிபெயர்ந்தோர் தங்கள் தென்சீன ஊர்களிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அது. நம் ஊர்க்காரர்களுக்கு அது புதிதாகவே இருந்திருக்காது.

முற்றம் வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை. ஓடு வெயிலில் காய்ந்ததும் வீட்டுக்குள் இருக்கும் சூட்டுக்காற்று முற்றம் வழியாக மேலே போகும். போன காற்றின் இடத்துக்கு அஞ்சடியின் நிழலில் குளிர்ந்த காற்று முன்வாசல் வழியாக உள்ளே வரும். உங்கள் மேல்மாடி சன்னல்களுக்கு மேலே சுவரில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கிறதா? சில வீடுகளில் வௌவால் வடிவத்தில் இருக்கும். சீன மொழியில் வௌவாலுக்கும் நல்வாழ்வுக்கும் ஒரே ஒலி, அதனால் அந்த வடிவம். கதவு சன்னல் எல்லாம் சாத்தியிருந்தாலும் அந்தத் துளை வழியாகக் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். முற்றத்தை மூடினால் அந்த ஓட்டம் நின்றுவிடும். ஏற்கெனவே ஈரமான சுவருக்குக் காற்றையும் நிறுத்தினால் என்ன ஆகும்?

சட்ட விஷயமும் ஒன்று உண்டு. மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008 ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஜார்ஜ் டவுனில் மையப் பகுதி 109 ஹெக்டேருக்குச் சற்று அதிகம், சுற்றி 150 ஹெக்டேர் காப்புப் பகுதி. லிட்டில் இந்தியா மையப் பகுதிக்குள் வருகிறது. 2016இல் இதற்கென்றே சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வந்தது. முற்றத்தை மூடுவதும் தரையை உயர்த்துவதும் மாநகர் மன்றத்தின் அனுமதியில்லாமல் செய்யக்கூடிய வேலை இல்லை. அனுமதி வாங்கியாயிற்றா என்று குத்தகையாளரிடம் கேளுங்கள்.

நாலாம்நம்பர்:

எல்லாரும் ஒரே பக்கம் பேசறீங்க, நான் மறுபக்கம் சொல்றேன். எனக்கும் ஈப்போவுல ஒரு கடைவீடு இருக்கு. முற்றம் திறந்திருந்தா என்ன ஆகும்னு உள்ளே இருக்கறவனுக்குத்தான் தெரியும். சாயங்கால மழையில சாரல் பத்தடி உள்ளே அடிக்கும். கொசு. எலி. பக்கத்து வீட்டுக் கூரை வழியா ஆள் இறங்கிட்டான் ஒரு தடவை, என் பெரியம்மா தனியா இருந்தாங்க. கீழ கடை வெச்சிருக்கறவன் துணி நனைஞ்சா வாடகையைப் பிடிச்சுக்குவான்.

முகப்பு அழகா இருக்கு, அதை அப்படியே வைங்க, நானும் வெச்சிருக்கேன். ஆனா உள்ளே எப்படி வாழணும்னு குடியிருக்கறவங்க முடிவு பண்ணட்டும். வெளியில நின்னு படம் எடுத்துட்டுப் போறவங்களுக்காக வயசான அம்மா இருட்டு மாடிப்படியில ஏறி இறங்கணுமா?

நான் கோபமா எழுதல. உண்மையாவே கேக்கறேன்.

வரைபடம்:

நாலாம்நம்பர் அண்ணே, நியாயமான கேள்வி. ஆனால் முகப்பு மட்டும் போதும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முகப்பு என்பது இந்த வீட்டில் அடிக்கடி மாறியது. வியாபாரம் செழித்தபோதெல்லாம் முகப்பை இடித்துப் புதுப் பாணியில் பூசியிருக்கிறார்கள். அதனால்தான் ஒரே வரிசையில் ஒன்றில் ரோமானியத் தூண், அடுத்ததில் பூவேலைப் பீங்கான், அதற்கடுத்ததில் 1930களின் ஆர்ட் டெகோ கோடுகளும் கொடிக்கம்பமும். அதை வைத்து வீட்டின் வயதைச் சொல்ல முடியாது. வயதும் அறிவும் உள்ளே இருக்கிறது: பொதுச்சுவர், உத்திரம், முற்றம், படிக்கட்டு, கூரை.

சிங்கப்பூரில் 1989இல் முதல் பாதுகாப்புப் பகுதிகளை அரசிதழில் வெளியிட்டபோது சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ எல்லாம் அதில் வந்தன. அந்த வரலாற்று வட்டாரங்களில் விதி தெளிவானது: முகப்பு மட்டும் இல்லை, கட்டடம் முழுவதும் காக்கப்பட வேண்டும். உத்திரமும் முற்றமும் மரப்படியும் அதில் அடக்கம்.

அகலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முகப்பு அகலத்துக்கு வரி, அதனால்தான் ஒடுக்கமான வீடு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உங்கள் வீட்டிலேயே கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். உத்திரம் எல்லாம் ஒரு பொதுச்சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு நடுவில் தூணே இல்லாமல் போகும். மரம் எவ்வளவு நீளமோ வீடு அவ்வளவு அகலம். 16 அடி, 18 அடி, மிஞ்சினால் 20. முன்பக்கச் சுவர் கிட்டத்தட்ட எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை, அதனால்தான் அதை முழுக்கத் திறந்து கடையாக்க முடிந்தது. பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால் 16 அடியும் வாசல்.

அஞ்சடிப்பையன்:

"இருட்டு மாடிப்படி"ன்னு நாலாம்நம்பர் அண்ணன் எழுதினதைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

நான் பொறந்து வளர்ந்தது சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கடைவீட்டு மேல்மாடியில. எங்க குடும்பத்துக்குன்னு முழு மாடி இல்ல. பலகைத் தடுப்பு போட்டு அறை அறையாப் பிரிச்சிருப்பாங்க, அதுல நடு அறை எங்களுது. சன்னல் கிடையாது. தடுப்புப் பலகை கூரை வரைக்கும் போகாது, மேல ஒரு முழம் இடைவெளி விட்டு கம்பிவலை. அந்த இடைவெளி வழியா முற்றத்து வெளிச்சம் மதியம் ஒரு மணி நேரம் எங்க அறைச் சுவருல பாய்மாதிரி விழும். அந்த ஒரு மணி நேரத்துல அம்மா அரிசியில கல் பொறுக்குவாங்க, அப்பா சவரம் பண்ணிக்குவார், நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். மூணு பேரும் வெளிச்சம் நகர நகர நாங்களும் நகருவோம்.

முற்றத்துல பொதுத் தண்ணிக்குழாய், துவைக்கிற கல்லு. பின்கட்டுல எல்லாருக்கும் ஒரே அடுப்படி, ஒரே கழிப்பிடம். வாளிக் கழிப்பிடம்தான். பின்சுவருல முழங்கால் உயரத்துல ஒரு சின்னக் கதவு இருக்கும், பின்சந்து வழியா வந்து வாளியை மாத்திட்டுப் போவாங்க. சிங்கப்பூர்ல கடைசி வாளி 1987லதான் நின்னுச்சு.

கஷ்டம் இல்லைன்னு சொல்லவே மாட்டேன். காசநோய் வந்து போனவங்க எங்க மாடியிலயே ரெண்டு பேர். ஆனா அந்த முற்றமும் இல்லாம இருந்திருந்தா நாங்க மனுஷங்களா இருந்திருக்க மாட்டோம்.

வரைபடம்:

பின்சந்தைப் பற்றி நீங்கள் சொன்னது முக்கியம் அண்ணே. அந்தச் சந்து தொடக்கத்தில் எல்லா இடத்திலும் கிடையாது. பல வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டியே கட்டப்பட்டன, கழிவு வாளி முன்கடை வழியாகத்தான் போக வேண்டும். பேராசிரியர் சிம்ப்சன் சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றி 1907இல் கொடுத்த அறிக்கை பின்சந்து வெட்டச் சொன்னது. 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அந்த வேலையைத் தொடர்ந்தது. வீடுகளின் பின்பகுதியைச் சீவி எடுத்துச் சந்து போட்டார்கள். இன்றும் சில கடைவீடுகளின் பின்சுவர் முன்பகுதியைவிடப் புதிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பர்மாத்தேக்கு:

முற்றம் என்றதும் எனக்கு சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிதான், செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கூடம்தான், நினைவு வருகிறது. நான் காரைக்குடி. என் தாத்தாவின் அண்ணன் சிங்கப்பூரில் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர். கிட்டங்கியும் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கடைவீட்டையும் போலத்தான். உள்ளே தடுப்பே கிடையாது. முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே நீளக் கூடம், இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டியடி. ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு நிறுவனத்துக்கும், பாய் விரித்த சில அடி இடம், முன்னால் சாய்வுப் பெட்டி, பின்னால் இரும்புப் பெட்டகம். பகலில் அங்கே கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை. வெளிச்சம் எங்கிருந்து? முற்றத்திலிருந்துதான். பேரேட்டை எழுதுகிற கண்ணுக்கு முற்றத்துக்குப் பக்கத்து இடம்தான் பெரிய இடம்.

எங்கள் ஊர் வளவில், அதாவது செட்டிநாட்டுப் பெரிய வீட்டில், முற்றத்தைச் சுற்றிப் பத்தி, பத்தியை ஒட்டி அறைகள். மழைத்தண்ணீர் நாலு மூலைக் குழாய் வழியாக அண்டாவில் இறங்கும். கடல் கடந்து போனவர்களுக்கு 16 அடி அகலத்தில் வளவு கிடைக்கவில்லை. முற்றமாவது கிடைத்தது.

மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் இன்று இல்லை, உயர்ந்த கட்டடங்கள் வந்துவிட்டன. அந்தத் தெருவில் ஒரு நாள் முழுக்க நடந்தேன், எங்கே இருந்தது என்று காட்டக்கூட ஆள் கிடைக்கவில்லை. அதனால் சொல்கிறேன், இருப்பதைக் கைவிடாதீர்கள் அம்மா.

நாலாம்நம்பர்:

அஞ்சடிப்பையன் எழுதினது மனசைத் தொட்டுச்சு. ஆனா அஞ்சடியைப் பத்தியும் யாராவது பேசுங்க. எங்க வரிசையில பாதி அஞ்சடியில நடக்கவே முடியாது. ஒருத்தர் சாமான் அடுக்கறார், ஒருத்தர் மோட்டார்சைக்கிள், ஒருத்தர் கம்பிக்கதவு போட்டு மூடிட்டார். பொது வழியைக் காப்பாத்தாம முற்றத்தைக் காப்பாத்தி என்ன?

கொத்துக்கரண்டி:

அந்தச் சண்டை ரொம்பப் பழசு தம்பி.

1822ல, சிங்கப்பூரை பிரிட்டிஷ் துறைமுகமா நிறுவின ராஃபிள்ஸ் அந்த ஊர் நகரக் குழுவுக்குக் கொடுத்த கட்டளையிலயே இருக்கு: ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னாடி குறிப்பிட்ட ஆழத்துக்குத் தாழ்வாரம் இருக்கணும், அது தெரு நெடுக தொடர்ச்சியா, எப்பவும் திறந்த பொதுவழியா இருக்கணும்னு. அதாவது நிலம் வீட்டுக்காரருது, நடக்கிற உரிமை ஊருக்கு. வெயிலுக்கும் மழைக்கும் குடையில்லாம ஊரைச் சுத்தி வரலாம். மலாய்ல காக்கி லீமாங்கிறதும் இந்த அஞ்சடிதான். பேரு அஞ்சடின்னாலும் நான் அளந்ததுல ஏழு அடி, எட்டு அடி உள்ளதும் உண்டு.

ஆனா வியாபாரம் பண்றவனுக்கு அது கடையோட நீட்சி. தையக்காரர், கடுதாசி எழுதறவர், முடிதிருத்தறவர், பணம் மாத்தறவர்னு எத்தனை பேருக்கு அது பிழைப்பு. 1888ல நகராட்சி அஞ்சடியைக் காலி பண்ணச் சொன்னப்ப சிங்கப்பூர்ல கடையடைச்சுக் கலவரமே வந்துச்சு.

என் கருத்து: நடக்க ஒரு ஆள் அகலம் விட்டுட்டு மிச்சத்துல பிழைக்கட்டும். ஆனா கம்பிக்கதவு போட்டு மூடறது வேற விஷயம். அது வரிசையையே அறுத்துடும். பக்கத்து வீட்டுக்காரன் நடந்து வர முடியாம ரோட்டுல இறங்கறான், காரு வருது.

செம்மண்புழுதி:

கோலாலம்பூர்க்காரன் ஒரு வரி சேர்த்துக்கறேன். 1881ல எங்க ஊரு முதல்ல தீயிலயும் அப்புறம் வெள்ளத்துலயும் அழிஞ்சப்ப இருந்ததெல்லாம் மரமும் அத்தாப்பு ஓலையும். அதுக்கப்புறம் சிலாங்கூர்ல பிரிட்டிஷ் ரெசிடெண்டா இருந்த ஸ்வெட்டன்ஹம்தான் செங்கல்லும் ஓடும் கட்டாயமாக்கினார். பிரிக்ஃபீல்ட்ஸ்ங்கிற பேரே அந்தச் செங்கல் சூளைகளால வந்தது. பொதுச்சுவர் வெறும் பாரம் தாங்கறதுக்கு மட்டும் இல்ல. ஒரு வீட்டுல பத்தின தீ அடுத்த வீட்டுக்குப் போகாம அதுதான் நிறுத்துது, அதனாலதான் சில வீட்டுல சுவர் ஓட்டுக்கு மேலயும் எழும்பி நிக்கும். மாடிச்சன்னல் அக்கா, புதுக்கூரை போடறேன்னு அந்தச் சுவரை யாரும் குறைக்காம பார்த்துக்குங்க.

மாடிச்சன்னல்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விஷயம் கண்டுபிடிச்சேன்.

முதல்ல வடிகால். துணிக்கடைக்காரங்ககிட்ட அனுமதி கேட்டு முற்றத்து ஓரத்துல இருந்த மர அலமாரியை நகர்த்தினோம். கீழ கருங்கல் விளிம்பு. முற்றம் சுத்தித் தரையைவிட அரை அடி தாழ்வா, நாலு பக்கமும் கருங்கல் வெச்சுக் கட்டினது, அதை நான் இத்தனை வருஷமா கவனிச்சதே இல்ல. முன்பக்க மூலையில கல்லுல செதுக்கின ஒரு துளை, பழைய காசு வடிவத்துல, வட்டத்துக்குள்ள நாலு இதழ். துளை முழுக்கச் சிமெண்ட். எப்பவோ யாரோ கரப்பான் வருதுன்னு அடைச்சிருக்காங்க போல. அம்மாவுக்கும் தெரியல.

அண்ணன்தான் உளியை எடுத்தார். சிமெண்ட்டைப் பேத்ததும் உள்ளே களிமண் மாதிரி கறுப்புச் சேறு. ரெண்டு நாள் ஆச்சு. மூங்கில் விட்டுக் குத்தி, வாளி வாளியா அள்ளினோம். அதுக்குள்ள ரெண்டு பீங்கான் துண்டு, ஒரு கோலிக்குண்டு, ஒரு கால் சலங்கை மணி. செங்கல்லால வளைச்சுக் கட்டின ஓடை ஒண்ணு கடைத்தரைக்கு அடியில ஓடி அஞ்சடி முன்னாடி இருக்கிற சாக்கடையில சேருது.

ரெண்டாவது, மேல. அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல, முன்சன்னலை ஒட்டி, பலகைத்தளத்துல ஒரு சதுரத் துண்டு மட்டும் வேற மரம். பாய் போட்டு மூடியிருந்தது. தூக்கினா கீழ அஞ்சடி தெரியுது. யாரோ செருப்புக்கால் கடந்து போறாங்க.

வரைபடம்:

அது பார்வைத்துளை! ராத்திரி கதவைத் தட்டுவது யார் என்று மேலிருந்தே பார்க்க வைத்தது. கூடையில் காசைக் கட்டி இறக்கி, தள்ளுவண்டிக்காரரிடம் சாப்பாடு வாங்குவதும் அதன் வழியாகத்தான். பலர் புதுத் தளம் போடும்போது அதைத் தொலைத்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கால் தடுக்காமல் மூடியை மட்டும் சரிசெய்யுங்கள், ஆணி அடித்துவிடாதீர்கள்.

பர்மாத்தேக்கு:

அந்தச் சலங்கை மணியைப் பத்திரமாக வையுங்கள் அம்மா.

நாலாம்நம்பர்:

சரி. வடிகால் விஷயத்துல நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கறேன். எங்க வீட்டு முற்றத்துக்கும் அப்படி ஒண்ணு இருந்திருக்கணும், நாங்க டைல்ஸ் போட்டு மூடிட்டோம். ஆனா சாரலுக்கும் திருட்டுக்கும் வழி சொல்லுங்க. அது இன்னும் அப்படியேதான் இருக்கு.

வரைபடம்:

வழி இருக்கிறது. முற்றத்தின் வாய்க்கு மேலே ஓட்டுக்கு ஓர் அடி ஒன்றரை அடி உயரத்தில் சின்னக் கூரை ஒன்றைத் தூக்கி நிறுத்தலாம், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். பழைய கடைவீடுகளிலேயே முதுகு ஓட்டுக்கு மேல் இப்படித் தூக்கி வைத்த குட்டிக்கூரை உண்டு, சூட்டுக்காற்று போக. கண்ணாடியில் போட்டால் வெளிச்சமும் வரும். திருட்டுக்கு முதல்மாடி மட்டத்தில் இரும்புக் கம்பிச்சட்டம். பல வீடுகளில் அது நூறு வருஷமாகவே இருக்கிறது. சாரலுக்கு மேல்மாடியில் முற்றத்தைப் பார்த்த பக்கம் லூவர் பலகைச் சன்னல் வைக்கலாம், மழை வந்தால் பலகையைச் சாய்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும், ஆனால் கழற்றி எடுக்கக்கூடிய வேலையாக இருந்தால் கேட்பதும் எளிது.

மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காற்றை அடைக்காதீர்கள் என்கிறேன்.

மாடிச்சன்னல்:

கொத்துக்கரண்டி அண்ணே, இனி சுவருக்கு என்ன செய்யணும்? சிமெண்ட்டைக் கொத்த ஆள் பார்த்துட்டோம்.

கொத்துக்கரண்டி:

சுத்தியலும் கை உளியும் மட்டும்தான். இடிக்கிற மெஷினை உள்ளே விடாதீங்க, பழைய கல்லு அதிரும். ஓதம் தெரியற உயரத்துக்கு மேல இன்னும் ஒரு முழம் கொத்துங்க. கல்லு இடுக்குல சிமெண்ட் திணிச்சிருந்தா அதையும் ஒரு அங்குல ஆழத்துக்கு எடுத்துடுங்க.

அப்புறம் காத்திருக்கணும். இதுதான் யாருக்கும் பிடிக்காத பகுதி. சுவர் ஒரு அங்குல கனம் காய ஒரு மாசம்னு நாங்க கணக்கு வெச்சுக்குவோம். 9 அங்குலச் சுவருன்னா 9 மாசம், ரெண்டு பக்கமும் காத்து பட்டா கொஞ்சம் முன்னாடி. அந்த நாள்ல உப்பு வெளியே பூத்துக்கிட்டே இருக்கும். உலர்ந்த பிரஷ்ஷால கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்க. தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, கழுவினா உப்பு கரைஞ்சு மறுபடி உள்ளே போயிடும். ரொம்ப மோசமான இடத்துல காகிதத்தைத் தண்ணியில ஊறவெச்சுக் கூழாக்கி அரை அங்குலக் கனத்துக்கு அப்பி விடுங்க. காயக்காய உப்பை இழுத்துக்கும், தானே உரிஞ்சு வரும், எடுத்துப் போட்டுட்டு மறுபடி அப்புங்க.

பூச்சுக்குத் தாளிச்ச (நீத்தின) சுண்ணாம்பு, பல மாசம் தண்ணிக்கடியில ஊறினது, வெண்ணெய் மாதிரி கரண்டியில ஒட்டணும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூணு பங்கு கூர்மணல். மூணு தடவையா மெல்லிசா பூசணும், ஒவ்வொண்ணும் இறுகின பிறகு அடுத்தது. சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமிலவாயுவை வாங்கித்தான் கல்லாகுது, அவசரப்படுத்த முடியாது. ஈரத்துணி தொங்கவிட்டு மெதுவா உலர விடுங்க. கடைசியில சுண்ணாம்பு வெள்ளைதான், பிளாஸ்டிக் சாயம் வேண்டாம். நீலமோ மஞ்சளோ வேணும்னா மண்சாயத்தை அதுலயே கலந்துக்கலாம்.

முட்டை, வெல்லம் எல்லாம் சேர்க்கணுமான்னு பல பேரு கேப்பாங்க. உங்க சுவருக்கு வேண்டாம். அது பளபளப்பு வேணுங்கிற இடத்துக்கு. சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துல முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, சிப்பிச்சுண்ணாம்பு, தேங்காய் மட்டை ஊறின தண்ணி எல்லாம் சேர்த்துப் பூசினாங்க. மெட்ராஸ் சுண்ணாம்புன்னுதான் அதுக்குப் பேரே. அந்தத் தேவாலயத்தைக் கட்டினவங்க இந்தியாவிலேர்ந்து கப்பல்ல கொண்டுவரப்பட்ட கைதிகள். 1862ல அதை அர்ப்பணிச்சப்ப அந்தச் சுவரைத் தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்தின கைங்களுக்கு ஒரு பேரும் எழுதி வைக்கல. நான் வேலைக்குப் போற வழியில பல தடவை உள்ளே போய் அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்திருக்கேன்.

மாடிச்சன்னல்:

நேத்து சாயங்காலம் நல்ல மழை. அண்ணன் கடையில இருந்து கூப்பிட்டார், வந்து பாருன்னு. ஓடிப் போய்ப் பார்த்தேன். முற்றத்துல நாலு பக்க ஓட்டுலேர்ந்தும் தண்ணி கொட்டுது, கருங்கல் விளிம்பு வரைக்கும் ஏறிச்சு, அப்புறம் அந்தக் காசுத்துளைக்கு மேல சின்னச் சுழி போட்டு இறங்க ஆரம்பிச்சது. மழை விட்டு கால் மணி நேரத்துல தரை தெரிஞ்சது. அஞ்சடியில நின்னு பார்த்தா சாக்கடை வாயில தண்ணி வர்ற சத்தம் கேட்டது.

பிளாஸ்டிக் கூரைக்குக் கொடுத்த முன்பணத்தை அண்ணன் திருப்பிக் கேட்டிருக்கார். சிமெண்ட் பாதி கொத்தியாச்சு. கொத்துக்கரண்டி அண்ணன் சொன்ன மாதிரியே ரெண்டு இடத்துல கல்லோட முகமும் சேர்ந்து வந்துடுச்சு. ஒரு உத்திர முனை ஈரமா இருக்கு, ஆனா சுத்தியலால தட்டினா கெட்டியான சத்தம்தான். துணிக்கடைக்காரங்களுக்கு 9 மாசம் சுவர் வெறுங்கல்லா இருக்கும்னு சொல்லி வாடகையில கொஞ்சம் குறைச்சுக்கிட்டோம்.

அம்மா கீழ இறங்கி வந்து துளைக்குப் பக்கத்துல குந்தி உக்காந்து ரொம்ப நேரம் பார்த்தாங்க. கரப்பான் வராம இருக்க ஒரு தேங்காச் சிரட்டையில ஓட்டை போட்டுக் கவுத்து வெச்சிருக்காங்க.